என்ஜினுக்குள் என்ன போடுவது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில், இயந்திரவியல் துறை மாணவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கச்சிராயபாளையத்தில் பட்டறை வைத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பந்தய என்ஜின் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கரும்பு லாரியும், டிராக்டரும், வெள்ளிமலைக்கு ஏறி இறங்குகிற ஜீப்பும்தான் என் பிழைப்பு. ஆனால் கிராங்குக்கும் பேரிங்குக்கும் அது லாரியா, ரேஸ் காரா என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பளுவும் எண்ணெயும் சூடும்தான். அந்த தைரியத்தில் பேசுகிறேன்.

இந்தத் தம்பிகள் பழைய எஸ்டீம் என்ஜின் ஒன்றை வாங்கிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. நம் சங்கம் அதற்குப் பணம் திரட்டித் தந்திருக்கிறது. வாங்க வேண்டிய சாமான்கள் என்று ஒரு பட்டியலை நேற்று என்னிடம் கொடுத்தார்கள். முதல் வரி ஃபோர்ஜ்டு பிஸ்டன். இரண்டாவது வரி ரேஸ் கேம் ஷாஃப்ட். கனெக்டிங் ராடு போல்ட் என்ற சொல்லே பட்டியலில் இல்லை. ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பட்டியலைப் பற்றித்தான்.

கொஞ்சம் பழைய கதை. நம் மாநிலத்தில் கார் பந்தயம் என்றால் ஒரு காலத்தில் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் வந்தது. சோழவரம் நாட்களில் கோவை எஸ். கரிவரதன், எல்லோரும் கல்யாணத்துக்கு ஓட்டிப்போகிற ஃபியட் காரைப் பந்தயக் காராக மாற்றிக் காட்டினார். 1980களின் இறுதியில், சாதாரண மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் செய்தார். 1995இல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. வெளிநாட்டுச் சாமானுக்கு வழியில்லாத காலம் அது. கையில் இருந்த என்ஜினை முழுதாகப் புரிந்துகொண்டுதான் அவர்கள் ஓட்டினார்கள்.

சரி, உங்கள் என்ஜினுக்கு வருவோம். 1298 சிசி, நான்கு சிலிண்டர். போர் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75.5. இதை நீங்கள் 6000 சுற்றிலிருந்து 7500 சுற்றுக்குக் கொண்டுபோக நினைக்கிறீர்கள். வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் பிஸ்டனை மேலேயும் கீழேயும் இழுத்துத் திருப்புகிற விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். ஒன்றே காலை ஒன்றே காலால் பெருக்கிப் பாருங்க, ஐம்பத்தாறு சதவீதம் கூடுகிறது. 7500 சுற்றில் பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் புவியீர்ப்பைப் போல 2300 மடங்குக்கும் மேலான முடுக்கம். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 350 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 800 கிலோவுக்கு மேலான இழுப்பு. நம்ம ஊர் சர்க்கரை ஆலை மூட்டை 50 கிலோ. பதினாறு மூட்டையை ஒரு ராடில் தொங்கவிட்ட மாதிரி. அதுவும் வினாடிக்கு 125 தடவை.

இந்த இழுப்பை யார் தாங்குகிறார்கள்? பவர் ஸ்ட்ரோக்கில் எரிகிற வாயு மேலிருந்து அழுத்துவதால் ராடுக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்குகிற நேரத்தில் மேலே அழுத்த ஒன்றுமே கிடையாது. முழு இழுப்பும் ராடின் அடிமூடியைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டுக்குத்தான் போகும். பிஸ்டன் கெட்டால் புகை வரும், சத்தம் வரும், நிறுத்தலாம். போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சூடான எண்ணெய் எக்ஸாஸ்ட்டில் கொட்டித் தீப்பிடிக்கலாம். ஓட்டுகிறவன் உங்களில் ஒருத்தன், அதை நினைவில் வையுங்கள்.

அதனால் பணம் முதலில் நல்ல ராடு போல்ட்டுக்குப் போகட்டும். பழைய போல்ட்டைத் துடைத்துப் போடுகிற பேச்சே வேண்டாம். புதுப் போல்ட் போட்டு முறுக்கினால் பெரிய துளையின் வட்டம் கொஞ்சம் மாறும். ஆகவே முறுக்கிய நிலையிலேயே அளந்து, தேவைப்பட்டால் ஹோனிங் செய்ய வேண்டும். ராடிலும் கிராங்கிலும் விரிசல் இருக்கிறதா என்று காந்தச் சோதனை பார்த்துவிடுங்கள். விரிசல் இல்லாவிட்டால் கம்பெனி ராடும் கம்பெனி கிராங்கும் உங்களுக்குப் போதும். எஸ்டீமை இந்த நாட்டில் எத்தனையோ பேர் பந்தயத்திலும் ராலியிலும் ஓட்டியிருக்கிறார்கள்.

இப்போது பிஸ்டன். ஃபோர்ஜ்டு என்றாலே ஒரே சாதி இல்லை. 4032 என்ற கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் அதிகம் விரியாது, இடைவெளி குறைவாக வைக்கலாம். 2618 என்ற கலவையில் சிலிக்கான் அநேகமாகக் கிடையாது. நாக்கிங் வந்தாலும் சட்டென்று உடையாமல் தாக்குப்பிடிக்கும், ஆனால் சூட்டில் நன்றாக விரியும். அதனால் இடைவெளி அதிகம் விட வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்தால் டீசல் என்ஜின் மாதிரி தட்டும், சீக்கிரம் தேயும். டர்போ போடுகிறவனுக்கு அது சரி. டர்போ இல்லாமல், 7000 சுற்றை ஒட்டி ஓட்டப்போகிற உங்களுக்கு நல்ல காஸ்ட் பிஸ்டன் போதும் என்பதுதான் என் கருத்து. 7500 வேண்டும் என்று அடம் பிடித்தால் 4032 வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரிங். லேத்காரர் "0.50 ஓவர்சைஸ்தானே, அடிச்சு வைக்கிறேன், அப்புறம் பிஸ்டன் வாங்கிக்கோங்க" என்பார். சம்மதிக்காதீர்கள். நான்கு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்த சிலிண்டரை அந்தந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடி முடிக்க வேண்டும். எடையையும் பாருங்கள். கள்ளக்குறிச்சி நகைக்கடைத் தராசு ஒன்று கிடைத்தால் நான்கையும் ஒரு கிராமுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

ரிங் வாய் இடைவெளிக்குப் பழைய கணக்கு, டர்போ இல்லாத என்ஜினில் போரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. 74 மில்லிமீட்டருக்குச் சுமார் 0.30 வரும். குறைவாக வைத்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு பிஸ்டனின் ரிங் மேடு உடையும். கொஞ்சம் கூடினால் பெரிய நஷ்டமில்லை. பேரிங்குக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராங்க் பின் 42 மில்லிமீட்டர் என்றால் 0.042. இவையெல்லாம் பொதுக் கணக்குதான். சாமானோடு வருகிற தாளில் வேறு அளவு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். பேரிங்கில் போலி நிறைய உலவுகிறது, தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

கம்ப்ரெஷன் பற்றி ஒரு தம்பி கேட்டார். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளுகிற கொள்ளளவு 324.7 சிசி. விகிதம் 9.5 என்றால் மேலே மிஞ்சுகிற இடம் 38.2 சிசி. 10.5 ஆக்க வேண்டுமானால் 34.2. வித்தியாசம் வெறும் நான்கு சிசி, ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. ஹெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு முகம் எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். ஊசிக் குழாயில் எண்ணெய் விட்டு நான்கு அறையையும் அளந்த பிறகே தொடுங்கள். பெட்ரோலும் இப்போது வேறு. 2025இல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. நம்ம ஊர்க் கரும்புக்கு அதனால் மவுசுதான், ஆக்டேனும் கூடியிருக்கிறது. ஆனால் எத்தனாலுக்குக் கூடுதல் எரிபொருள் தர வேண்டும். பழைய கார்புரேட்டரை அப்படியே விட்டால் கலவை வற்றிப்போய்ப் பிஸ்டன் தலை சூடாகும். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

ரேஸ் கேம் ஷாஃப்ட்டை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது 5000 சுற்றுக்கு மேல்தான் உயிர் பெறும். அதற்கு வால்வு ஸ்பிரிங் மாற்ற வேண்டும், களிமண் வைத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். ஒன்றை வாங்கினால் அது நான்கைக் கேட்கும். இதே என்ஜினைச் சும்மா வெள்ளிமலைப் பாதையிலும் ஏற்றிப் பார்க்கலாம் என்று உங்களில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கொண்டை ஊசி வளைவில் 2500, 3000 சுற்றில் இழுக்கிற என்ஜின் வேண்டும். ரேஸ் கேம் அங்கே மூச்சு வாங்கும்.

அதற்குப் பதிலாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு. நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பு காற்றை உறிஞ்சும். சில வினாடி போதும், பேரிங் போய்விடும். கடையில் வாங்க வேண்டியதில்லை. நம் கல்லூரிப் பட்டறையிலேயே தகடு வெட்டிப் பற்றவைக்கலாம். எண்ணெய் பம்பும் புதிதாகப் போடுங்கள்.

திருத்திய பட்டியலைத் துறைத் தலைவர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். பட்டியலில் மிச்சமாகிற பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் வந்து சேர்ந்ததும் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வாருங்கள். அளக்கிற கருவிகள் என்னிடம் இருக்கின்றன. அளப்பது நீங்கள்தான், நான் பக்கத்தில் நிற்கிறேன். மதியம் கோமுகி அணைப் பக்கம் சாப்பாடு.