உடற்பருமன் இரணசிகிச்சையும் நோயாளர் சொல்லும்

(திருநீர்மலையில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்போர்க்கும் இரணசிகிச்சைக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நமக்கு அண்மையதாகிய பம்மலில், உடலெடை குறைக்கும் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிர் நீத்தார். அரசாங்கமும் விசாரணை நடத்திற்று. அதன்பின் நம் இல்லங்களில் எழுந்த பேச்சு இருவகைத்து. அச்சிகிச்சையே ஆகாதென்றனர் ஒரு சாரார். பருத்தவர் வாயைக் கட்டாமையே குற்றமென்றனர் மற்றொரு சாரார். இரண்டும் ஆராயாப் பேச்சே.

சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி, இச்சிகிச்சை பெற்றோர் 2010 பேரையும் பெறாதார் 2037 பேரையும் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். பெற்றோரிடையே மரணம் குறைவு என்பது 2007-இல் வெளியாயிற்று. ஆகலின் பயனுண்டு; இடருமுண்டு. எது பயன், எது இடர் என்று வகுத்துரைப்பார் யார் என்பதே நாம் பேசப் புகுந்த பொருள்.

நெடுங்காலம் வைத்தியரே வகுத்தனர். பெரும்பாலும் கிலோக் கணக்கையே நோக்கினர். இங்கிலாந்தில் 'பாரியாக்ட்' என்னும் ஆராய்ச்சியை நடத்தினோர், வைத்தியரோடு நோயாளரையும் வினவி, எவற்றை அளத்தல் தலையாயது என்று கேட்டனர். 2016-இல் வெளிவந்த முடிவில் ஒன்பது பொருள்கள் இடம்பெற்றன. எடை, நீரிழிவு, மரணம் என்பவற்றோடு, விழுங்கற்கருமையும் உண்டது எதிர்க்களித்தலும், உடலின் நுண்சத்து நிலையும், வாழ்க்கை நலமும் அவற்றுட் சேர்ந்தன. உண்டது மேலெழுந்து வருந்துவார்க்கன்றோ அவ்வருத்தத்தின் அளவு தெரியும்!

நம்மூரில் வினவினால் இன்னும் சில தோன்றும். மூட்டுவலியால் மலைப்படி ஏறமாட்டாது, அடிவாரத்தில் நீர்வண்ணரை மட்டும் சேவித்துத் திரும்புவோர் பலர். அவர்க்கு அரங்கநாதர் சந்நிதிவரை ஏறுதலே அளவுகோல். பந்தியில் இரண்டு கவளத்தோடு கைகழுவினால், "என்ன குறை கண்டீர்?" என்று மனம் வருந்தும் உறவினர்க்கு யாது விடை கூறுவது? சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளல் வேண்டும். மாதந்தோறும் அச்செலவு யார் தலையில் விழும்? சிகிச்சைக்குப்பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரியாதிருத்தல் நன்றென்பர். புதிதாக மணமான பெண் இதனை மாமியாரிடம் யாங்ஙனம் உரைப்பாள்? இவ்வினாக்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமே முளைப்பன அல்ல. நோயாளர் சென்று உரைத்தாலன்றி அறியார்.

இது நமக்குப் புதிதுமன்று. சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 2006-இல் எயிட்ஸ் தடுப்பூசிச் சோதனை தொடங்கியபோது, பொதுமக்கள் ஆலோசனைக் குழுவும் உடனிருந்தது. 2019-ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளின்படி, அறநெறிக் குழுவில் எழுவர்க்குக் குறையாத உறுப்பினர் வேண்டும். அவருள் ஒருவர் வைத்தியமறியாப் பொதுமனிதர். அவர் தலையசைக்க மட்டும் அமர்த்தப்படின் நாற்காலிதான் நிரம்பும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், குடும்பம் நடத்தித் தேர்ந்த அன்னையரும் நம்மிடையே உளர். அழைப்பு வரின் மறுக்கலாகாது.

ஒப்புதற் படிவத்தின் தமிழைப் பற்றியும் ஒரு சொல். நாம் கண்ட சிலவற்றில் வாக்கியம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் விளங்கவில்லை. பண்டிதர்க்கே விளங்காதது நோயாளர்க்கு விளங்குமோ? தமிழாசிரியர்க்கு இதிலுள்ள தொடர்பு இதுவே. ஆராய்ச்சிக்கென்று அத்தகைய படிவம் உங்கள் கையிற் கொடுக்கப்படின், உடனே கையொப்பமிடாது வீட்டிற்குக் கொணர அனுமதி கேளுங்கள். ஞாயிறு மாலைகளில் சங்கக் காரியாலயத்தில் நாம் இருப்போம். உடனிருந்து வரிவரியாகப் படித்துப் பொருள் கூறுவோம். விளங்காத இடத்தைக் குறித்துத் தருவோம், வைத்தியரிடம் கேட்டு வரலாம்.