கம்பி கட்டிய பற்கள்

கோணலாக முளைத்த பற்களைக் கம்பி கட்டி நேராக்கும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீடிக்கும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். மாதத்தில் ஒரு நாள் மருத்துவர் கம்பியைச் சரிபார்த்து அனுப்புகிறார். மற்ற 29 நாட்களும் அப்பற்கள் உங்கள் பொறுப்பிலேயே இருக்கின்றன. அந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஓர் உலோகப் பட்டை மாட்டுவார்கள். 1955-இல் மைக்கேல் புவோனகோர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர், பல்லின் மேற்பூச்சாகிய எனாமலில் சிறிது அமிலம் தடவிக் கழுவினால் பிசின் அதில் நன்கு பற்றிக்கொள்ளும் என்று கண்டறிந்தார். பட்டை இல்லாமலே பல்லின் முகத்தில் சிறு பிடிகளை ஒட்டி, அவற்றினூடே கம்பியைச் செலுத்துவதற்கு அதுவே வழி வகுத்தது. மருத்துவர் வைக்கும் அமிலம் அளவானது. சில விநாடிகளில் கழுவப்படுவது. நமக்குத் தெரியாமல் நாள்தோறும் வாயில் ஊறும் மற்றோர் அமிலம் உண்டு. அஞ்ச வேண்டியது அதற்குத்தான்.

பிடிகளின் ஓரத்திலும் கம்பியின் அடியிலும் உணவுத் துணுக்கு தங்குகிறது. கிருமிகள் படலமாகப் படிகின்றன. நீங்கள் இனிப்பு உண்ட சில நிமிடங்களிலேயே அவை அதனை அமிலமாக்கிவிடும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க அரை மணிக்கு மேலும் ஆகலாம். அதற்குள் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைகிறது. நகத்தைப் போல எனாமல் மீண்டும் வளர்வதன்று. நன்றாகத் துலக்காதவர்களுக்கு ஒரு மாதத்திற்குள்ளேயே பிடியைச் சுற்றி வெண்மையான தழும்பு தோன்றக்கூடும். இரண்டு ஆண்டு பொறுத்திருந்து கம்பியை அகற்றும் நாளில், நேரான பல் ஒவ்வொன்றிலும் சாக்குக் கட்டியால் சட்டம் வரைந்தாற்போல அத்தழும்பு நிற்பதைக் காண்பது எனக்கு எப்போதும் வருத்தமே. "கம்பி பல்லை அரித்துவிட்டது" என்று பெற்றோர் சொல்வார்கள். பாவம், கம்பியின்மேல் குற்றமில்லை!

ஈறுகளின் செய்தி இன்னும் கவனத்திற்குரியது. ஒருபுறம் எலும்பு கரைந்து மறுபுறம் புதிதாகக் கட்டுவதனால்தான் பல் இடம் பெயர்கிறது. ஈறு அழன்று வீங்கியிருக்கையில் பல்லை நகர்த்தினால், அதைத் தாங்கும் எலும்பே குறைந்துபோகக்கூடும். ஈற்றில் இரத்தம் கண்டால் பலர் அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர். செய்ய வேண்டுவது நேர்மாறானது. அங்கேதான் மெதுவாகவும் நன்றாகவும் துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் இரத்தக் கசிவு நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

துலக்குமுன் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். மென்மையான பிரஷை ஈற்றோரத்தில் சாய்த்துப் பிடித்து, பிடிக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பகுதியை முதலில் தேயுங்கள். பின்னர் பிடியின் மறுபுறத்தை. கம்பிக்கு அடியில் நுழைய, சீசா கழுவும் பிரஷைப் போன்ற சிறு பிரஷ் கடைகளில் கிடைக்கிறது. ஃபுளோரைடு கலந்த பற்பசை அவசியம். துலக்கியபின் துப்பினால் போதும், நிறைய நீர்விட்டு அலச வேண்டாம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாதலால், இரவில் துலக்காமல் படுக்கவே கூடாது. பள்ளியில் நண்பகல் உணவுக்குப்பின் கொப்பளிக்கவாவது செய்யலாம். வேப்பங்குச்சியின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதன் நார் கம்பியில் சிக்கிக்கொள்ளும். கரித்தூள், செங்கல் தூள் இவற்றை எனாமலிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

முறுக்கு, சீடை, கடலை மிட்டாய் ஆகியவை பிடியைப் பெயர்த்துவிடும். கொய்யாப்பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி உண்ணலாம். இனிப்புப் பானத்தைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதைவிட, உணவோடு சேர்த்து ஓர் இனிப்பை உண்டு முடிப்பது நல்லது.

கம்பியை எடுத்தபின், பற்கள் பழைய இடத்திற்குத் திரும்பாதிருக்கக் கழற்றி மாட்டும் தகடு ஒன்று பலருக்குத் தருவார்கள். அதையும் நாள்தோறும் பிரஷ் கொண்டு தண்ணீரில் கழுவ வேண்டும். வெந்நீரில் இட்டால் நெளிந்துவிடும். உண்ணும்போது கழற்றினால் பெட்டியில் வையுங்கள். காகிதத்தில் சுற்றி வைத்தால், அது எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்விடும்.