முத்தும் கத்தியும்
(தூத்துக்குடியில் ஆற்றிய உரை)



கொற்கையின் வழிவந்த இக்கரையில் முத்தின் அழகைப் பேசுவார் பலர். அம் முத்துக்காகச் சிப்பி படும் பாட்டைப் பேசுவார் அரியர். இங்கு 1961-ஆம் ஆண்டோடு பெருமுத்துக்குளிப்பு நின்றது. பின்னர் 1973-இல், இந்நகரை அடுத்த வேப்பலோடையில், நடுவண் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் அழகர்சாமி, சிப்பிக்கு அறுவை செய்து உருண்டை முத்தை விளைவித்தார். இந்தியாவில் அதுவே முதன்முறை.

அவ்வறுவை யாது? மெந்தால் இட்டுச் சிப்பியின் உணர்வை ஒடுக்குவர். உடலைக் கீறி, ஓட்டில் கடைந்த மணியையும், மற்றொரு சிப்பியின் மேலுறைத் துணுக்கையும் உள்ளே வைப்பர். உடனே அதன் குருதியணுக்கள் புண்ணைச் சூழ்ந்து, சிதைந்தவற்றை விழுங்கி, ஆற்றத் தொடங்கும். கீறல் மிஞ்சினால் சிப்பி மணியை உமிழும், அன்றேல் மாளும். துன்பவேளையில் கடற்சிப்பிகளில் மிகும் சுரப்புநீர், அவ்வணுக்களின் விழுங்கும் ஆற்றலையே குறைப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

அணுக்களின் இவ்விழுங்கு தொழிலை உலகுக்கு உணர்த்தியதும் கடலுயிரே. 1882-இல் உருசிய அறிஞர் மெச்னிக்கோவ், உடுமீன் குஞ்சின் உடலில் முள்ளைச் செருகினார். அணுக்கள் திரண்டு அம்முள்ளைச் சூழ்ந்தன. 1908-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

மாந்தர்க்கும் இதுவே நிலை. பேரறுவையின்போது அட்ரினலினும் கார்ட்டிசாலும் குருதியில் பெருகும். வெள்ளணுக்களுள் ஒருவகை எண்ணிக்கையில் மிகும், நிணநீரணுக்களோ குறையும். நச்சுயிரியேறிய அணுக்களையும் புற்றணுக்களையும் கொல்லும் இயற்கைக் கொல்லணுக்கள் சில நாள் ஆற்றல் குன்றும். எண்ணிக்கை மிகுந்ததனால் காவல் மிகுந்ததாகக் கொள்ளற்க! அந்நாள்களே தொற்று நுழையும் வாயில்.

காப்பு என்ன? சிறிய கீறல், குறைந்த குருதியிழப்பு, நோவடக்கம், உடல் குளிராமை. நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்தல் வீரமன்று. அது வெள்ளணுக்களின்மேல் மேலும் சுமையேற்றல்.

தோழர்களே! இவ்வுண்மைகள் நோயாளிக்குத் தெரிதல் வேண்டும். தெரிந்தவனே நோவையும் காய்ச்சலையும் காலத்தே சொல்வான். புரியாத மொழித் தாளில் கையொப்பம் வாங்கிவிட்டு அவனைக் கத்தியின்கீழ்க் கிடத்தல் அறமாகுமா? சிப்பிக்கு வாயில்லை; தமிழனுக்கு உண்டு. அவன் கேட்கவும், மருத்துவர் விளக்கவும் தமிழே மொழியாகுக!

வாழ்க தமிழ்!