பரப்புக் கணக்கும் கணினிக் கல்வியும்



கணினிக்குக் கட்டளை எழுதும் கலையை நம் பிள்ளைகளுக்கு எங்ஙனம் தொடங்கிக் கற்பிப்பது என்பதே இன்று நம்முன் வைக்கப்பட்ட பொருள். "இனி அது எதற்கு? கைத்தொலைபேசியிலே தமிழிற் கேட்டாற் செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதே!" என நம்மவருட் படித்தவர்களே கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆகவே அதற்கே முதலில் விடையிறுப்போம்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நிலம் அங்கே பரப்பிலும் குழியிலும் குறிக்கப்பட்டிருக்கும். வரகுக் காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்காணிக் கணக்கிலோ 24 பரப்பு ஓர் ஏக்கர். இச்சபையிலுள்ள முதியோர் இதனை நன்கறிவர். இனி, பரப்பை ஏக்கராக்க ஒரு நிரல் எழுதித் தருமாறு பொறியைக் கேளுங்கள். நொடிப்பொழுதில் எழுதித் தரும். ஆயின், எவ்வகைக் காணி என்று வினவாமலே 16 ஆல் வகுத்துவிடவுங்கூடும். அங்ஙனமாயின் 48 பரப்பு வயலுடையவன், தனக்குள்ளது 2 ஏக்கராயிருக்க, 3 ஏக்கருக்கு உரம் வாங்குவான். பொறி இடையில் நின்றுவிடவில்லை. விடையும் அழகாகவே வந்தது. நட்டம் மட்டும் கமக்காரனுடையது.

இப்பிழையைப் பிடிக்க வல்லவன் யார்? "நெற்காணியாயின் 24 ஆல் வகு, அன்றேல் 16 ஆல் வகு" என்றொரு வரி அந்நிரலில் இருத்தல் வேண்டுமென அறிந்தவன். அந்த 'ஆயின்' என்னும் சொல்லே நிரலாக்கத்தின் உயிர். முதற்பாடமும் அதுவே ஆகட்டும் என்கிறோம். கணினியைத் திறக்குமுன் பிள்ளை தன் பாட்டனிடம் காணிக் கணக்கைக் கேட்டு வந்து, கொப்பியிலே படிப்படியாக எழுதட்டும். மூன்று காணிகளுக்குக் கையாற் கணக்குப் பார்த்து விடைகளைக் குறித்து வைக்கட்டும். பின்னர் பொறியிடம் நிரலைக் கேட்டு, அதை ஓட்டி, தன் விடையோடு ஒப்பிடட்டும். ஒவ்வாவிடின் எவ்வரியிற் பிழை என்று தேடட்டும். அத்தேடலிலே அவன் கற்பதை எந்த விரிவுரையும் கற்பிக்கமாட்டாது.

1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிலே கெமனி, குர்ட்ஸ் என்னும் கணித ஆசிரியர் இருவர் 'பேசிக்' என்னும் கணினி மொழியை ஆக்கினர். விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியை ஆள வேண்டுமென்பதே அவர்தம் நோக்கம். 'இஃப்', 'தென்', 'பிரிண்ட்' என நாள்தோறும் வழங்கும் சொற்களையே கட்டளைகளாக வைத்தனர். அம்மாணவருக்கு அவை வீட்டுச் சொற்கள். நம் கிராமத்துப் பிள்ளைக்கோ அவை வெறும் மனனம். பொருளறியாது மனனஞ் செய்தவன் பொறி சொல்வதை அப்படியே நம்புவானேயன்றி, அதனைத் தட்டிக் கேட்பானா?

வழியும் இல்லாமலில்லை. 2008 இல் வெளிவந்த 'பைதன்' மூன்றாம் பதிப்பிலே, கணக்கில் வரும் பொருள்களுக்குப் 'பரப்பு' என்றும் 'ஏக்கர்' என்றும் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். எஞ்சும் ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் இன்று 35 மட்டுமே. அவற்றுள்ளும் தொடக்கத்திற்குப் பத்துப் போதும். (நிரலா, செய்நிரலா எது சரி என்று சண்டையிடும் புலவர் பெருமக்கள் சற்றே பொறுத்தருள்க. பிள்ளைகள் காத்திருக்கின்றனர்.)

1956 இலே தனிச் சிங்களச் சட்டம் நம் மொழியை அரச கருமத்தினின்றும் தள்ளியது. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என எழுதியது. எழுதியதை நடைமுறையிற் காண இன்றும் அலுவலகந்தோறும் அலைகின்றோம். ஆனால் 'ஆயின்' என்பதைத் தமிழிலே சொல்லிக் கொடுக்க எந்த மந்திரியின் கையொப்பம் வேண்டும்? பொறியியலாளரும் கணக்காளரும் நம்மிடையே நிரம்ப உளர். தம் மக்களுக்கு இக்கலையை ஆங்கிலத்திற் பழக்கிவிட்டு, ஊர்ப்பிள்ளைக்குப் புரியாத மொழிபெயர்ப்புக் குறிப்பை நீட்டுகின்றனர். இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். மாதத்தில் இரு ஞாயிறுகளை அவர்கள் தரட்டும். நிலத்தின் கணக்கைக் கமக்காரர் தருவர்.

வாசிகசாலையில் வகுப்பைத் தொடங்க எண்ணியுள்ளோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி இருந்தாலும் அமையும். வருவோர் ஒரு கொப்பியும், வீட்டிலுள்ள காணி உறுதியின் பிரதியொன்றும் கொண்டு வருக.