ஏரிக்கரையில் ஒரு புராஜெக்ட்: நம்ம ஊர்த் தகவல் எங்கே கிடைக்கும்?

(பேச்சின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

படப்பையில இருந்து பேசுறேன். இந்த எபிசோட் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைங்களுக்கும், காலேஜ்ல முதல் வருஷம் சேர்ந்தவங்களுக்கும். அதைவிட முக்கியமா, அவங்களுக்கு புராஜெக்ட் கொடுக்கிற டீச்சர்களுக்கும் சார்களுக்கும்.

புராஜெக்ட் சீசன் வந்தா நம்ம பக்கத்து ஜெராக்ஸ் கடைங்களில் கூட்டம் தாங்காது. அமேசான் காடு, துருவக் கரடி, உலக மக்கள் தொகை, எல்லாம் கலர் பிரிண்ட்ல கிடைக்கும். பிள்ளை படிக்கிறது படப்பையில, புராஜெக்ட் பிரேசிலைப் பத்தி. அதில் தப்பு இல்லை. ஆனா அந்தப் பிள்ளை எழுதினதால அமேசான் காட்டைப் பத்தி உலகத்துக்குப் புதுசா ஒரு வரி கூடக் கிடைக்கப் போறதில்ல. அதே பிள்ளை நம்ம ஏரிக்கரையில நாலு வாரம் நின்னு எழுதினா, இதுவரை எங்கேயும் இல்லாத ஒரு பக்கம் உருவாகும்.

"மாணவர் எழுதுறதை யார் சார் படிக்கப் போறாங்க?"ன்னு கேப்பீங்க. அதுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கு.

மாணவர்கள் எழுதின புத்தகம்

கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒருத்தர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியரா 1915இல் வந்தவர். ஊரைப் பார்க்காம பொருளாதாரம் படிக்கிறதில் அர்த்தம் இல்லைன்னு நினைச்சார். மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யார்கிட்ட இருக்கு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, கிணறு எத்தனை, மாடு எத்தனை. அவங்க எழுதினதைத் தொகுத்து 1918இல் புத்தகமாக வெளியிட்டார். 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்பது அதன் பெயருக்குப் பொருள். நம்ம காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தூசி கிராமமும் அதில் ஒண்ணு.

கதை அங்க முடியல. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி போனாங்க. அந்த மறு ஆய்வு 1940இல் வெளியானது. விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு கிராமத்துக்கு அதுக்கப்புறமும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனாங்க. 1980களில் எஸ். குஹனும் ஜோன் மென்சரும் போனாங்க. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூணு பேரும் போனாங்க. ஒரே ஊர்ல நிலம், கூலி வேலை, சாதி அரசியல் எல்லாம் 1916லிருந்து 2008 வரைக்கும் எப்படி மாறிச்சுன்னு அவங்களால எழுத முடிஞ்சுது. எப்படி முடிஞ்சுது? 1916இல் மாணவர்கள் உக்காந்து மாட்டை எண்ணி, கூலியைக் கேட்டு எழுதி வெச்சதால.

அந்தப் பசங்க பெரிய அறிஞர்களா இருந்து எழுதல. கேட்டதை ஒழுங்கா, தேதியோட எழுதினாங்க. அவ்வளவுதான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஒரு பக்கம் தாம்பரம் நெருங்கி வருது, இன்னொரு பக்கம் ஒரகடம் தொழிற்சாலைகள். நடுவில நாம. வயல் மனையாகுது, மனை வீடாகுது. இன்னிக்கு இருக்கிறதை இன்னிக்கே எழுதலைன்னா, இருபது வருஷம் கழிச்சு வர்ற பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணுமே இருக்காது.

அதனால ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்குவோம்: நம்ம ஏரியும் அதைச் சுத்தியுள்ள வாழ்க்கையும் எப்படி மாறியிருக்கு? இதுக்குக் காசு செலவில்லாம கிடைக்கிற ஆவணங்களை வரிசையா சொல்றேன். நோட்டு எடுத்துக்கோங்க.

பழைய ஆவணங்கள்

முதல்ல கல்வெட்டு. நமக்குப் பக்கத்து ஊர் மணிமங்கலம். பல்லவர்களுக்கும் சாளுக்கியர்களுக்கும் சண்டை நடந்ததா கூரம் செப்பேடு சொல்ற ஊர். அங்கே இருக்கிற சோழர் காலக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் படியெடுத்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூணாவது தொகுதியில் 1899இல் வெளியிட்டார். அந்தத் தொகுதி இணையத்தில் இருக்கு. கல்வெட்டைப் படிக்கும்போது ராஜா பேரை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க. நிலத்துக்கு எல்லை எப்படி சொல்லியிருக்காங்க, ஏரி, வாய்க்கால், மடைன்னு ஏதாவது வருதான்னு தேடுங்க.

அடுத்தது, சி. எஸ். குரோல் 1879இல் வெளியிட்ட செங்கல்பட்டு மாவட்டக் கையேடு. இன்டர்நெட் ஆர்க்கைவ்ல படிக்கலாம். இங்க ஒரு தேடல் குறிப்பு. காஞ்சிபுரம்னு போட்டுத் தேடினா பழைய விஷயம் பாதி வராது. 1997 வரைக்கும் நாம செங்கல்பட்டு மாவட்டம். அதனால வெள்ளைக்காரங்க எழுதின 'சிங்கிள்புட்' என்ற ஸ்பெல்லிங்கைப் போட்டுத் தேடணும். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானப்போ நாம காஞ்சிபுரத்திலேயே இருந்துட்டோம். மாவட்டம் மாறின வருஷங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வெச்சுக்கோங்க. பாதிக் குழப்பம் தீரும்.

தமிழ்ல பழைய நூல், பத்திரிகை வேணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கு. நேர்ல போகணும்னா தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்ல ஒரு தனிமனுஷர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து உருவானது. 1994லிருந்து இயங்குது.

மக்கள் கணக்கு, நிலக் கணக்கு

சென்சஸ்னா மக்கள் தொகை மட்டும்தான்னு பலபேர் நினைக்கிறாங்க. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'மாவட்ட சென்சஸ் கையேடு'ன்னு ஒண்ணு வரும். அதில் ஊர் வாரியா பள்ளிக்கூடம், குடிநீர், பஸ் வசதி, பாசன நிலம் எல்லாம் இருக்கும். 2001, 2011 ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உங்க ஊர் கிராமப் பட்டியலில் இல்லைன்னா பதறாதீங்க, நகரப் பட்டியலில் தேடுங்க. ஏன்னா, ஊராட்சியா இருக்கிற ஊரையே சென்சஸ் 'நகரம்'னு கணக்கு எடுக்கலாம். அதுக்கு 5000 பேருக்கு மேல இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்கணும், ஆண் உழைப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை செய்யணும். இந்த மூணு விதியை வெச்சே ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம்: படப்பை கிராமமா, நகரமா?

நிலத்துக்கு, தமிழ்நாடு அரசோட இ-சேவைத் தளத்தில் 'அ' பதிவேட்டைப் பார்க்கலாம். சர்வே எண் தெரிஞ்சா போதும். அந்த இடம் பட்டாவா, புறம்போக்கான்னு தெரியும். படத்துக்கு, இஸ்ரோவின் புவன், கூகுள் எர்த் ரெண்டும் இருக்கு. கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களுக்குப் பின்னாடி போகலாம். ஒரு எச்சரிக்கை: மே மாசப் படத்தையும் டிசம்பர் மாசப் படத்தையும் பக்கத்துல வெச்சு "ஏரி சுருங்கிடுச்சு"ன்னு எழுதக் கூடாது. ஒரே மாசத்தோட ஒரே மாசத்தைத்தான் ஒப்பிடணும்.

இது வெறும் மார்க்குக்கான விஷயம் இல்ல. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகுது. 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணிக்குள்ள நின்னதை நாம மறக்க முடியாது. எந்தக் கலங்கல்ல வழிஞ்ச தண்ணி எந்த வாய்க்கால் வழியா எங்க போகணும்னு ஊர்ப் பெரியவங்களுக்குத் தெரியும். மனை வாங்கிப் புதுசா குடிவந்தவங்களுக்கு அது தெரிய வழியே இல்ல. ஒரு பத்தாம் வகுப்புப் பொண்ணு வரைஞ்சு வெச்ச வாய்க்கால் படம் ஒரு தெருவுக்கே உதவும்.

பறவையும் மரமும்

இப்ப உயிரியல் பக்கம். பறவைக்கு இ-பேர்ட் இருக்கு. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை நிமிஷம் நின்னு, என்னென்ன பார்த்தோம்னு பட்டியல் போடணும். பேர் தெரியலைன்னா மெர்லின் செயலி உதவும். ஆனா அது சொன்னதை அப்படியே எழுதிடாதீங்க, கண்ணால பார்த்து உறுதி செய்யுங்க. நாமக்கோழியும் தாழைக்கோழியும் தூரத்தில் ஒரே கறுப்பா தெரியும். நெத்தி வெள்ளையா இருந்தா நாமக்கோழி, சிவப்பா இருந்தா தாழைக்கோழி.

இந்தப் பட்டியல் எங்க போகுது தெரியுமா? 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் போட்ட பதிவுகளை வெச்சு 942 இனங்களை மதிப்பிட்டிருக்கு. பெரும்பாலும் நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க போட்ட பட்டியல். பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. 15 நிமிஷம் நின்னு எண்ணினா போதும், மொட்டை மாடியே போதும்.

மரத்துக்கு சீசன்வாட்ச். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு தடவை தளிர், பூ, காய் எவ்வளவு இருக்குன்னு குறிக்கணும். வேம்பு, புங்கம், கொன்னை, மா எதுவா இருந்தாலும் சரி. ஒரு மரத்தை வருஷம் முழுக்கப் பார்த்த பிள்ளைக்குத் தாவரவியல் பாடம் தனியா நடத்த வேண்டியதில்ல.

செடிக்கு, கேம்பிள் எழுதின சென்னை மாகாணத் தாவரங்கள் நூல் இணையத்தில் இருக்கு. படத்தோட வேணும்னா இந்தியப் பல்லுயிர்த் தளம், ஐநேச்சுரலிஸ்ட் ரெண்டையும் பாருங்க. இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கணும். உங்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், "ஐயா, நம்ம ஊர்ப் பதிவேட்டைப் பார்க்கலாமா?"ன்னு மரியாதையா கேளுங்க. இருந்தா அது உங்களுக்கு ஆவணம். இல்லைன்னா உங்க புராஜெக்ட்டே அதுக்குத் தொடக்கம்.

எந்த ஆவணத்தையும் தனியா நம்பாதீங்க

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பார்வை உண்டு, ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு. கல்வெட்டு, தானம் கொடுத்தவரைச் சொல்லும். ஏர் ஓட்டினவரைப் பத்திப் பெரும்பாலும் பேசாது. மாவட்டக் கையேடு, வரி வாங்கினவங்க பார்வை. 'அ' பதிவேடு, காகிதத்தில் இருக்கிற ஏரியைச் சொல்லும், தரையில் இருக்கிறதை இல்ல. இ-பேர்ட்ல பறவை கூடினா, பறவை கூடுச்சா, பார்க்கிற ஆள் கூடினாங்களான்னு கேட்கணும். அதனாலதான் எண்ணிக்கையைவிட, நூறு பட்டியல்ல எத்தனையில அந்தப் பறவை வருதுன்னு பார்க்கிறது நல்லது.

ஆவணத்தில் இல்லாதது மனுஷங்ககிட்ட இருக்கு. மடை திறந்து விட்டவர், மீன் பிடிச்சவர், நாத்து நட்ட அம்மா, ஆடு மேய்க்கிற தாத்தா. "அப்பல்லாம் நிறைய தண்ணி"ன்னு சொன்னா அப்படியே எழுதாதீங்க. "எந்தப் படி வரைக்கும் தாத்தா? அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னு கேளுங்க. வருஷம் ஞாபகம் இல்லைன்னாலும் கல்யாணமும் குழந்தை பிறந்ததும் யாருக்கும் மறக்காது. பேட்டி எடுக்கும் முன்னாடி எதுக்குன்னு சொல்லி அனுமதி கேளுங்க. பேர், போன் நம்பர் எழுத வேண்டாம். முக்கியமா, ஊர்த் தெருவில் ஒரே பக்கத்தில் மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க. காலனியில் இருக்கிறவங்ககிட்ட கேட்டா ஏரியோட கதை வேற மாதிரி இருக்கும். தண்ணி யாருக்கு முதல்ல பாய்ஞ்சது, யாருக்குக் கடைசியில் பாய்ஞ்சதுன்னு அங்கதான் தெரியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்னதில் பெரும்பாலானது ஆங்கிலத்தில் இருக்கு. பிள்ளை மிரள்றது விஷயத்தைப் பார்த்து இல்ல, மொழியைப் பார்த்து. முழு நூலும் வேண்டாம். நம்ம ஊர் வர்ற ஒரு பக்கத்தை மட்டும் நீங்க தமிழ்ல சொல்லிக் கொடுங்க. மார்க் போடும்போது அட்டையின் அழகுக்கு ரெண்டு மார்க் குறைச்சு, தேதியும் இடமும் எழுதினதுக்கு ரெண்டு மார்க் கூட்டிப் போடுங்க. வருஷக் கடைசியில் நல்ல நோட்டுகளை எடைக்குப் போடாம ஸ்கேன் பண்ணி, பள்ளி நூலகத்தில் வருஷம் போட்டு வைங்க. அடுத்த வருஷப் பசங்க அந்த இடத்திலேயே நின்னு மறுபடி எண்ணட்டும். ஸ்லேட்டர் மாணவர்களுக்குப் பின்னாடி நடந்ததும் இதுதான்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. ஞாயித்துக்கிழமை காலையில் ஆறரை மணிக்கு உங்க ஊர் ஏரிக்கரையில் ஒரு இடம் பிடிங்க. 15 நிமிஷம் நில்லுங்க. பார்த்த பறவை, நின்ன மரம், தண்ணி எந்தப் படி வரைக்கும் இருக்கு, கரையில் யார் என்ன வேலை செய்யறாங்க, நாலையும் எழுதுங்க. மேலே தேதி, நேரம், இடம் போடுங்க. அடுத்த ஞாயிறும் அதே இடம், அதே நேரம். நாலு வாரம் ஆனதும் எழுதினதை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதை வெச்சு, ஒரு அட்டவணை எப்படிப் போடுறதுன்னு பேசுவோம்.