பால் இல்லாமலும் பானை பொங்கும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பி.காம். முடித்து, வங்கியில் 33 வருடம் கிளார்க்காகக் கவுண்டரில் உட்கார்ந்தவன். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதுதான் நான் அதிகம் பேசியது. "ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் ஏழு மாதம் இருந்து வந்தீர்களே, அதைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சுற்றிப் பார்த்த இடங்களைச் சொல்லப் போவதில்லை. தோட்டத்திலும் அடுப்படியிலும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அது உங்கள் வீட்டுக்கும் உதவலாம்.

நானும் வீட்டம்மாவும் மெல்பர்னில் இறங்கியது ஜூலை கடைசியில். பள்ளிப்பட்டில் ஆடிக்காற்று, அங்கே நடுக்குளிர். நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அவர்கள் கம்பளியை எடுக்கிறார்கள். நாம் மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டும்போது அவர்கள் மின்விசிறி போடுகிறார்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்த கை சும்மா இருக்குமா? இங்கிருந்து விதை கொண்டுபோவது சுலபமில்லை. விதை, செடி, கறிவேப்பிலை எதுவானாலும் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஆகவே அங்கேயே கடையில் வாங்கி, வெண்டையும் தக்காளியும் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிறகு வாங்கி வைத்த நாற்றுகளும் வெளுத்துப்போயின. தொட்டிகளை வீட்டின் தெற்குப் பக்கம் வைத்திருந்தேன். நமக்குக் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அங்கே வடக்கே சாய்கிறது. அறுபது வயதுக்கு மேல் இதைக் கற்றுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் இத்தாலியிலிருந்து குடியேறிய ஒரு பெரியவர். அவர்தான் வழி சொன்னார். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை அந்த ஊரில் குதிரைப் பந்தயத்துக்கு விடுமுறை. தக்காளியை அந்த நாளையொட்டித்தான் நடுவார்களாம். அவர்களுடைய ஆடிப்பட்டம் அதுதான். அதுவரை கொத்தமல்லியும் பட்டாணியும் போடச் சொன்னார். நம் வெயிலில் சீக்கிரமே பூத்துவிடும் கொத்தமல்லி, அந்தக் குளிரில் பறிக்கப் பறிக்கத் தழைத்தது.

இனி அடுப்படிக்கு வருகிறேன். பேரனுக்கு மூன்று வயது. பால் ஆகாது. பால் ஆகாது என்பதில் இரண்டு விதம் உண்டு. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை சிலருக்குச் செரிக்காது. வயிறு உப்பும், பேதியாகும். இன்னொன்று ஒவ்வாமை. பாலின் புரதத்தை உடம்பு விஷம்போல எதிர்க்கும். அதில் கொஞ்சமும் ஆபத்து. பேரனுக்கு இருப்பது இதுதான். லாக்டோஸ் நீக்கிய பாலோ, ஆட்டுப்பாலோ, எருமைப்பாலோ இதற்கு மாற்றாகாது.

திருத்தணி முருகனுக்குப் பால்குடம் எடுக்கிற ஊர்க்காரன் நான். குழந்தைக்கு நெய்கூடக் கிடையாதா என்று மனசு ஒப்பவில்லை. போன முதல் வாரம், மகள் மாடியில் இருந்தபோது, மாப்பிள்ளைக்காக மேல்தட்டில் வைத்திருந்த நெய்யில் அரை ஸ்பூன் எடுத்து, பருப்புச் சோற்றில் பிசைந்து ஊட்டிவிட்டேன். காய்ச்சிய நெய்யில் பால் ஏது என்பது என் கணக்கு. நெய்யிலும் அந்தப் புரதம் சிறிது தங்கியிருக்கும் என்பது தெரியாது.

பத்து நிமிடத்தில் குழந்தைக்கு உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சில் இழுப்பு. மருத்துவர் எழுதிக்கொடுத்து வீட்டில் வைத்திருந்த ஊசியை மகள் அவன் தொடையில் போட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. இரவு வரை மருத்துவமனையில் இருந்தோம். பிழைத்தான்.

மகள் என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னாள். கவுண்டரில் பணம் குறைந்தால் கையிலிருந்து கட்டிவிடலாம். இதை எதைக் கொண்டு கட்டுவது?

மறுநாளிலிருந்து நானும் வீட்டம்மாவும் மகளிடம் பாடம் கேட்டோம். பருப்புச் சோற்றுக்கு நல்லெண்ணெய். பாயசத்துக்கு வெல்லமும் தேங்காய்ப்பாலும். கெட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். தயிருக்கு வேர்க்கடலை. அதுவும் அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்ற வேண்டும். தயிரை உறையாக விட முடியாதே! காம்போடு நாலு பச்சை மிளகாய் போட்டோம். அந்தக் குளிரில் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தால்தான் உறையும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் என்றால், அதே அளவு கேழ்வரகு மாவில் சுமார் 350. உடம்பில் எவ்வளவு சேரும் என்பது வேறு கணக்கு என்பதால், குழந்தையின் உணவை மருத்துவர் அவ்வப்போது சரிபார்க்கிறார்.

தை பிறந்தது. அங்கே கோடை, அனல் அதிகமென்று வெளியில் தீ மூட்டத் தடை. கேஸ் அடுப்பில்தான் பொங்கல். "பால் இல்லாமல் பானை எப்படிப் பொங்கும்?" என்று நான் கேட்டபோது வீட்டம்மா சிரித்தாள். "உங்க அம்மா எதை ஊத்தினாங்க, மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறந்துதான் போயிருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு மாடு இருந்தது. கறந்த பால் பெரும்பாலும் சொசைட்டிக்குப் போய்விடும். அம்மா பானையில் அரிசி களைந்த நீரைத்தான் நிறைய ஊற்றுவாள். களியும் புளிச்சக்கீரையும் கடலைச் சட்னியும் கொள்ளுச் சாறும் சாப்பிட்டு வளர்ந்தோம். எதிலும் பால் இல்லை. பென்ஷன் காலத்தில் நெய் இல்லாத சாப்பாடு சாப்பாடா என்று பேசத் தொடங்கியிருந்தேன்.

களைந்த நீரும் தேங்காய்ப்பாலும் ஊற்றினோம். நுரைத்துப் பொங்கி வழிந்தது. பேரன் "பொங்கலோ பொங்கல்" என்று குதித்தான். தயங்காமல் அவனுக்கு நானே ஊட்டினேன்.

வரும் ஏப்ரலில் அவன் பள்ளிப்பட்டுக்கு வருகிறான். உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். ஆசையாக ஒரு பிஸ்கட், ஒரு துண்டு இனிப்பு நீட்டுமுன் எங்களைக் கேளுங்கள். பிஸ்கட்டிலும் பன்னிலும் பால்பவுடர் இருக்கும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வாமை தரும் பொருள்களை பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும். பால், பால் பவுடர், வே, கேசீன் என்று இருக்கிறதா பாருங்கள். இது என் பேரனுக்கு மட்டுமல்ல. நம் தெருக் குழந்தைகளில் எவருக்கும் இருக்கலாம். வளர வளரப் பலருக்கு இது சரியாகிவிடுமாம். ஆனால் சரியாகிவிட்டதா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும், தாத்தா பார்க்கக் கூடாது.

நவம்பரில் நான் நட்ட தக்காளியை மாப்பிள்ளை இப்போது பறித்துக்கொண்டிருக்கிறார். இங்கே மொட்டை மாடித் தொட்டியில் பேரனுக்காகப் புளிச்சக்கீரை விதைத்திருக்கிறேன். அவன் வந்ததும் ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அன்று எல்லோருக்கும் பால் இல்லாத சமையல்தான்.