கருப்புக் கோட்டுக்குப் பின்னால் ஒரு வீடு

மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டைச் சொல்வார்கள். ஒன்று பத்ரகாளியம்மன் கோயில், மற்றது செம்மறியாடு. பக்கத்தில் பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தனி மதிப்பு என்பார்கள். எனக்கு அந்த ஆடுகள்தான் சட்டப் படிப்பைக் கொடுத்தன. கட்டணம் கட்டும் நாள் நெருங்கினால் அப்பா, "இந்தத் தடவை எத்தனை உருப்படி கண்ணு?" என்று கேட்பார். என் படிப்பை அவர் ரூபாயில் எண்ணியதே கிடையாது.

படிப்பு முடிந்தபோது பட்டியும் காலி. வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டும், கோட், கவுன் தைக்க வேண்டும், தினமும் மேட்டூர் நீதிமன்றத்துக்குப் பேருந்தில் போக வேண்டும். ஜூனியருக்கு முதல் சில வருடம் வருமானம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வாய்தாவுக்கு ஓடுவதும் கட்டு தூக்குவதும்தான். ஒரு நாள் என் சீனியர் வீட்டு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, துணிக்கடைப் பையைக் கையில் கொடுத்தார்கள். கருப்புத் துணி. "தெச்சுப் போட்டுக்க கண்ணு. மத்தியானம் இங்கயே சாப்பிட்டுக்க" என்றார்கள். சீனியர் திண்ணையில் பேப்பரை விரித்தபடி, கேட்காதவர் போல உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அதனால்தானோ என்னவோ, சட்டம் படித்த ஒரு பெண்ணின் கதை எனக்கு அவ்வளவு நெருக்கம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

கொர்னேலியா சொராப்ஜி 1866-ல் நாசிக்கில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, சொத்தைப் பறிகொடுத்த ஒரு விதவை தன் தாயிடம் வந்து அழுததைப் பார்த்தார். இப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டுமானால் சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி அவர்தான். அவர் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசு உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். பெண் என்ற ஒரே காரணத்தால் மறுத்தார்கள்.

அப்போது லண்டனில் ஹாப்ஹவுஸ் தம்பதி இருந்தார்கள். கணவர் ஆர்தர் ஹாப்ஹவுஸ், 1872 முதல் 1877 வரை இந்திய வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். மனைவி மேரி. பிள்ளை இல்லாத வீடு. கொர்னேலியாவுக்கு நடந்தது தெரிந்ததும் மேரி அம்மையார் 1888-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், நிதி திரட்ட முன்னின்றார். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும் வில்லியம் வெடர்பர்னும் கூடப் பங்கு கொடுத்தார்கள். 1889-ல் கொர்னேலியா ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் வந்து சேர்ந்தார். பணம் போய்ச் சேர்ந்ததோடு அந்தத் தம்பதி நிறுத்தவில்லை. தங்கள் வீட்டையும் அவருக்குத் திறந்து வைத்தார்கள். கடல் தாண்டி வந்த பெண்ணுக்கு விடுமுறையில் போய் உட்கார ஒரு வீடு இருந்தது.

1892-ல் பி.சி.எல். என்னும் சட்டத் தேர்வை ஆண்களோடு உட்கார்ந்து எழுதப் பல்கலைக்கழகம் தனியே தீர்மானம் போட வேண்டியிருந்தது. எழுதினார். பட்டமோ 1922-ல்தான் கைக்கு வந்தது. முப்பது வருடம், நேயர்களே! பெண்கள் வழக்கறிஞராக இந்தியச் சட்டம் இடம் கொடுத்ததே 1923-ல்தான். அதுவரை அவர் சும்மா இருந்தாரா? கோஷா வீடுகளுக்குள் முடங்கிக் கிடந்த பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் சட்ட ஆலோசகராக இருந்தார். அறுநூறு பேருக்கு மேல் அவரால் பயன்பெற்றதாகச் சொல்வார்கள். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு, அவர்கள் பார்த்தே இராத அத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டம் படிக்கிறவருக்குக் கொடுக்கிற காசுக்கு அந்தக் குணம் உண்டு.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் நெருங்குகிறது. 2019-ல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்துவிட்டன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பு சொன்னது. பிள்ளைகளை வைத்திருக்கிற பெற்றோர் இதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் புத்தகம், பேருந்து, அந்த முதல் இரண்டு வருடச் சாப்பாடு, இவை எந்த அரசாணையிலும் முழுசாக அடங்குவதில்லை. என்னிடம் ஜூனியராக வந்த பிள்ளைகளில் நன்றாக வாதாடக்கூடிய இரண்டு பேர், வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும் என்று கோட்டைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அந்த இடத்தைத்தான் ஹாப்ஹவுஸ் தம்பதியைப் போன்றவர்கள் நிரப்ப முடியும்.

நம் பக்கத்தில் அறுபதாம் கல்யாணம் வைக்காத குடும்பம் குறைவு. அந்தப் பந்தல் செலவில் ஒரு பங்கை, தம்பதி இருவர் பெயரிலும் ஒரு சட்டக் கல்லூரியில் அறக்கட்டளையாக வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் வருடா வருடம் ஒரு பிள்ளைக்குப் போகும். இரண்டு லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடம் பதினாலாயிரம். முடிந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடும் போடுங்கள்.

எங்கள் அப்பா கேட்ட கேள்வியை இன்னொரு அப்பா தன் மகளிடம் கேட்காத காலம் வர வேண்டும். மேச்சேரிப் பட்டிகளில் ஆடு பெருகட்டும், அதில் ஒன்றுகூடச் சட்டப் புத்தகத்துக்காகச் சந்தைக்குப் போக வேண்டாம்.